அல்சூரில் ஒரு ஆர்கோஸ் 5: பாக்கெட் ஆண்ட்ராய்டு டேப்ளட்டும் ஒரு தமிழ் வாசகரும்

ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு ஆள். அவர் என் சித்தப்பா. பெங்களூர் துரவாணி நகர் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அல்சூரில் வீடு. கருவி ஆர்கோஸ் 5 இன்டர்நெட் டேப்ளட். 2010 தொடக்கத்தில் அது அவர் கைக்கு வந்ததிலிருந்து 2013 வரை என்ன ஆனது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்துப் பாக்கெட் டேப்ளட்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் சிப், திரை, விலை என்று மூன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள், தமிழ் படிக்கிற ஒரு பெரியவர் கையில் அது எப்படி நடந்துகொண்டது என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் கருவி. 2009 செப்டம்பரில் பிரெஞ்சு நிறுவனமான ஆர்கோஸ் இதை அறிவித்தது. 4.8 அங்குலத் திரை, 800×480 புள்ளிகள், 800 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் கார்டெக்ஸ் ஏ8 சிப், 256 எம்பி ராம். ஃபிளாஷ் நினைவக மாடல்கள் 8 ஜிபியில் தொடங்கும், ஹார்ட் டிஸ்க் வைத்த தடிமனான மாடல்கள் 500 ஜிபி வரை போகும். ஃபிளாஷ் மாடல் 182 கிராம், தடிமன் ஒரு சென்டிமீட்டர். வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ், எஃப்எம் உண்டு. சிம் கிடையாது, கேமரா கிடையாது. அமெரிக்காவில் 8 ஜிபி மாடல் 250 டாலர், அன்றைய கணக்கில் பதினோராயிரம் ரூபாய்ச் சொச்சம். 'இன்டர்நெட் டேப்ளட்' என்ற பெயரை 2005-லேயே நோக்கியா 770 பயன்படுத்தியிருந்தது, அப்புறம் என்800, என்810 என்று வந்தன, ஆனால் அவையெல்லாம் மேமோ என்ற லினக்ஸில் ஓடியவை. அந்த அளவில் ஆண்ட்ராய்டோடு வந்தவற்றில் ஆர்கோஸ்தான் முந்தி. ஐபேட் கடைக்கு வந்ததே 2010 ஏப்ரலில்.

நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பாவின் மகள் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கென்று 16 ஜிபி மாடலை வாங்கி வந்தாள். அவருக்கு மூன்று ஆசைகள்: தமிழ்ப் பத்திரிகைகளைப் படிக்க வேண்டும், பழைய படங்கள் பார்க்க வேண்டும், ஊருக்குப் போகும் ரயிலில் இரண்டும் வேண்டும். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், மாதத்துக்கு ஒரு தடவையாவது பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடி போய்வருவார். அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் தடை

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது, வைஃபை மோடமும் இருந்தது, அதனால் இணைப்பு உடனே கிடைத்தது. பிரவுசரைத் திறந்து ஒரு தமிழ்ப் பத்திரிகையின் முகவரியைத் தட்டினேன். பக்கம் வந்தது, படங்கள் வந்தன, எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம்.

"என்னப்பா இது, கட்டம் கட்டமா வருது? இங்கிலீஷ் மட்டும் ஒழுங்கா வருது?"

காரணம் நேரானது. அன்றைய ஆண்ட்ராய்டில் ட்ராய்டு சான்ஸ் என்ற எழுத்துருவும், அதில் இல்லாத எழுத்துகளுக்காக ட்ராய்டு சான்ஸ் ஃபால்பேக் என்ற இன்னொன்றும் இருந்தன. இரண்டாவதில் சீன, ஜப்பானிய எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, தமிழ் ஒன்றுகூட இல்லை. எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம். இது ஆர்கோஸ் செய்த குறை இல்லை, அன்று எந்த நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு போனை வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் இதே கட்டம்தான்.

எழுத்துருவை மட்டும் உள்ளே போட்டால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் ஆகாது. நண்பர் ஒருவர் தன் எச்டிசி போனை ரூட் செய்து, அதாவது உள்கோப்புகளைத் திருத்தும்படி பூட்டைத் திறந்து, ஃபால்பேக் கோப்பை மாற்றி, தமிழ் இருக்கும் எழுத்துருவை வைத்துப் பார்த்தார். எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்பு இடம் மாறியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் 'பெங்களூர்' என்று எழுதினால் முதலில் ப, அதற்குப் பின்னால் எகரக் கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி ப-வுக்கு முன்னால் வைக்க ஒரு நிரல் வேண்டும். ஒகரத்துக்கு கொம்பையும் காலையும் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும், கூ, லூ, ணூ மாதிரி எழுத்துகளுக்குத் தனி உருவமே தேட வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி அன்றைய ஆண்ட்ராய்டில் தமிழுக்கு இல்லை. வரிசையில் வந்த ஒவ்வொரு குறியையும் வந்தபடியே வரைந்து வைத்தது. இரண்டு வரி படிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். சித்தப்பாவின் கருவியில் அந்த வழிக்கு நான் போகவே இல்லை.

வேலை செய்தது ஓபரா மினி என்ற பிரவுசர். 2010 மார்ச்சில் ஆண்ட்ராய்டுக்கு ஓபரா மினி 5-இன் சோதனைப் பதிப்பு வந்தது. முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று தட்டினால் ஒரு அமைப்புப் பக்கம் திறக்கும், அதன் கடைசிப் பக்கமாக, சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தவா என்று ஒரு வரி இருக்கும். அதில் 'ஆம்' கொடுத்தால் ஓபராவின் சர்வரே தமிழை வரைந்து, சின்னச் சின்னப் படமாக அனுப்பிவிடும். கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் மொபைலில் தமிழ் படித்தவர்கள் ஏராளமானோர் இந்த ஒற்றை வரியை நம்பித்தான் படித்தார்கள். யாரோ ஒரு பொறியாளர் நம் மாதிரி மொழிகளை நினைத்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார், அவருக்கு இன்றும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து நகல் எடுக்க முடியாது, கூடுதலாகக் கொஞ்சம் டேட்டா செலவாகும். பரவாயில்லை, படிக்க முடிந்தது.

இன்னொரு சிக்கல், பத்திரிகைத் தளங்களே எல்லாம் யூனிகோடில் இல்லை. தகுதரம், டாம், டாப் என்று பழைய குறியாக்கங்களும் சொந்த எழுத்துருக்களும் அங்கங்கே மிச்சம் இருந்தன. யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டதே 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டித்தான். பழைய குறியாக்கத்தில் இருந்த தளங்கள் இந்தக் கருவியில் கட்டமாகக்கூட வராது, ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக வரும். அவற்றைச் சித்தப்பா விட்டுவிட்டார்.

கடை இல்லாத ஆண்ட்ராய்டு

ஓபரா மினியை நிறுவுவதே ஒரு சுற்றுவழி. போனும் கேமராவும் இல்லாத கருவிகளுக்கு கூகுள் அன்றைக்குத் தன் ஆப் கடையான மார்க்கெட்டைத் தரவில்லை, அதனால் ஜிமெயில், மேப்ஸ் எதுவும் கூட வரவில்லை. ஆர்கோஸ் அதற்குப் பதில் ஆப்ஸ்லிப் என்று ஒரு சொந்தக் கடையை வைத்திருந்தது, அதில் சரக்கு ரொம்பக் குறைவு. ஆப்பின் நிறுவல் கோப்பான ஏபிகே-யை கணினியில் இறக்கி, கேபிளில் ஏற்றி, அமைப்பில் அனுமதி கொடுத்து நிறுவ வேண்டும். எனக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் சித்தப்பா தனியாக ஒரு ஆப் போட்டுக்கொள்ள வழியே இல்லை, ஒவ்வொன்றுக்கும் நான் அல்சூர் போக வேண்டும். அக்காலத்து மதிப்புரைகளில் ஆப்ஸ்லிப்பை ஒரு வரியில் கடந்துபோயிருப்பார்கள். சொந்தமாகத் தொழில்நுட்பம் தெரியாத ஒருவருக்கு, கருவி தன்னுடையதா பிறத்தியாருடையதா என்பதையே அதுதான் தீர்மானித்தது.

திரை பற்றியும் சொல்ல வேண்டும். அழுத்தினால்தான் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் வகை. விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும் ஐபாட் டச்சைப் பார்த்தவர்கள் இதைத் தொட்டதும் முகம் சுளித்தார்கள். சித்தப்பா சுளிக்கவில்லை. முப்பது வருஷம் சால்டரிங் இரும்பு பிடித்த காய்ப்பு ஏறிய விரல், பால்பாயிண்ட் பேனா மூடியின் முனையால் தட்டிப் பழகிக்கொண்டார், குறி தப்பவே தப்பாது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் திரைக்கு ஸ்கிரீன் கார்டு வெட்டி ஒட்டித் தந்தார்கள், அது தடித்த ரகம், அடியில் காற்றுக் குமிழ் நின்ற இடத்தில் தானாகவே அழுத்தம் விழ ஆரம்பித்தது. பிய்த்துப் போட்டதும் சரியானது. இந்த வகைத் திரைக்கு ஒட்டும் காகிதம் எதுவும் வேண்டாம்.

வாசலைத் தாண்டினால்

சித்திதான் சரியான கேள்வியைக் கேட்டார்: "வாசல் தாண்டினா ஒண்ணும் வராதா?"

வராது. அன்றைய பெங்களூரில் சும்மா திறந்து கிடக்கும் வைஃபை குறைவு. 2008-இல் குண்டுவெடிப்புகளையொட்டி அடுத்தவர் வைஃபையிலிருந்து மிரட்டல் மின்னஞ்சல்கள் போனதற்கு அப்புறம், 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை பொது வைஃபைக்கு அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. வைஃபை வைத்த கடைகளும் மொபைல் எண்ணைக் கேட்டு எஸ்எம்எஸ்ஸில் கடவுச்சொல் அனுப்பித்தான் உள்ளே விட்டன. தனியார் நிறுவனங்களின் 3ஜி அப்போது இல்லை, ஏலமே 2010 மே மாதம்தான் முடிந்தது, ஏர்டெல் பெங்களூரில் 3ஜி தொடங்கியது 2011 ஜனவரியில்.

மிச்சம் இருந்த வழி ப்ளூடூத். சித்தப்பாவின் நோக்கியா 5130-ஐ மோடமாக்கி, டேப்ளட்டிலிருந்து *99# என்ற எண்ணை டயல் செய்ய வைக்கலாம். இதைக் காட்டியதும் அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. எக்ஸ்சேஞ்சில் ஆயுசைக் கழித்தவர், "அட, இது நம்ம டயல்-அப் தானே!" என்று அடுத்த முறையிலிருந்து அவரே பிணைத்துக்கொண்டார். எட்ஜ் (2ஜி) வேகம், அதுவும் டவர் நல்ல மூடில் இருந்தால்தான். ஓபரா மினியின் சுருக்கிய பக்கங்கள் மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி வரும், சாதாரண பிரவுசரில் ஒரு பத்திரிகையின் முகப்பு வருவதற்குள் அல்சூரிலிருந்து சிவாஜிநகருக்கு பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு கருவிகளின் பேட்டரியும் சேர்ந்து கரையும். ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டினால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆக, ரயிலில் படிக்கும் ஆசை இணையத்தால் நிறைவேறவில்லை.

பக்கத்தின் அளவு

இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். பெயரில் இருந்த இன்டர்நெட்டை விட்டுவிட்டு, முன்கூட்டியே உள்ளே ஏற்றிக்கொடுத்த அன்றுதான் அந்தக் கருவி சித்தப்பாவுக்குப் பயன்படத் தொடங்கியது.

பிடிஎஃப் கோப்பு உருவாகும்போதே கணினி கொம்பையும் காலையும் அதனதன் இடத்தில் கோத்துவிடும், தேவையான எழுத்துரு வடிவங்களும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். கருவிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பிடிஎஃப்பில் தமிழ் பிசகாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது, அதிலிருந்து சிலவற்றை ஏற்றினேன். முதல் முயற்சியில் எழுத்து அழகாக வந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. அவை ஏ4 தாளுக்குக் கட்டிய பக்கங்கள். 4.8 அங்குலத் திரைக்குள் முழுப் பக்கத்தையும் அடைத்தால் எறும்பு வரிசைதான், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும், ரெசிஸ்டிவ் திரையில் அது பெரிய தண்டனை.

சரி, பக்கத்தையே திரை அளவுக்கு வெட்டினால்? 4.8 அங்குல மூலைவிட்டம், 5:3 விகிதம் என்றால் அகலம் 10.5 செ.மீ., உயரம் 6.3 செ.மீ. ஓப்பன் ஆபீஸ் ரைட்டரில் அந்த அளவுக்கு ஒரு பக்க மாதிரி, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ஓரம், லதா எழுத்துரு 13 பாயின்ட், தலைப்புகள் எல்லாம் பிடிஎஃப் புக்மார்க்காக மாறும்படி ஏற்றுமதி. யூனிகோடு உரையை ஒட்டி பிடிஎஃப் ஆக்கினால், திரையில் ஒரு பக்கம் அப்படியே பொருந்தி உட்காரும், ஒரு தட்டு தட்டினால் அடுத்த பக்கம். பெரிதாக்கவே வேண்டாம். அங்குலத்துக்கு ஏறக்குறைய 194 புள்ளிகள் என்பதால் ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. படிக்கும் கண்ணாடியோடு பார்க்கும் கண்ணுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது வயதானவர்களுக்குப் படிக்கக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சித்தப்பா இரண்டே வாரத்தில் அந்தப் பக்க மாதிரியைத் தானே கையாளக் கற்றுக்கொண்டார். ஞாயிறு மாலைகளில் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, அந்த வாரம் பத்திரிகைத் தளங்களில் தனக்குப் பிடித்த கட்டுரைகளை ஒட்டிச் சேர்த்து, ஒரே பிடிஎஃப்பாக்கி, கேபிளில் ஏற்றிக்கொள்வார். ஆப் போட்டுக்கொள்ள என்னை எதிர்பார்த்தவர், படிப்பதற்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை. பிருந்தாவனில் ஜன்னலோர சீட், மடியில் அவரே தொகுத்த வாரப் பத்திரிகை. பக்கத்து சீட்டுக்காரர்கள் கேட்டால், கருவியைப் பற்றிச் சொல்வதைவிட பக்க அளவை எப்படி வைப்பது என்பதைத்தான் அதிக நேரம் சொல்லுவார்.

படங்கள் விஷயம் சுலபமாக முடிந்தது. மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் வாங்கிக் குவித்தவை வீட்டில் இருந்தன. டிவிடியின் கோப்பை அப்படியே ஏற்றினால் ஓடாது, டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 வகை வீடியோவுக்கு ஆர்கோஸ் தனியாகக் காசு வாங்கியது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 வகையாக மாற்றினால் ஒரு சொதப்பலும் இல்லாமல் ஓடியது. வீடியோ இயக்குவதில் ஆர்கோஸுக்கு ஆண்ட்ராய்டுக்கு முந்தைய காலத்திலிருந்தே நல்ல பழக்கம், அது தெரிந்தது. கருவியின் முதுகிலேயே மடக்குக் கால் இருந்ததால் சாப்பாட்டு மேசையில் நிற்க வைத்து சித்தியும் பார்த்தார்.

எதிர்பாராமல் ஒட்டிக்கொண்டது ஜிபிஎஸ். ஆப்ஸ்லிப்பில் கிடைத்த ஒரு சின்ன ஆப், எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது, என்ன வேகத்தில் போகிறோம் என்று மட்டும் காட்டும், இணையமே வேண்டாம். இணையம் இல்லாததால் செயற்கைக்கோள்களின் பாதைக் கணக்கை வானத்திலிருந்தே இறக்க வேண்டும், அது வருவது நொடிக்கு 50 பிட் வேகத்தில், முழு அட்டவணையும் இறங்க பன்னிரண்டரை நிமிடம். கன்டோன்மென்ட் பிளாட்பாரத்திலேயே திறந்து வைத்துவிடுவார். ரயில் வேகம் பிடித்ததும் 90, 100 என்று எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வருவார்.

பக்கத்தில் வைத்துப் பார்த்த மற்றவை

என் அலுவலக நண்பர் டெல் ஸ்ட்ரீக் வாங்கினார். 2010-இன் 5 அங்குலக் கருவி, 1 கிகாஹெர்ட்ஸ் ஸ்னாப்டிராகன், 512 எம்பி ராம், தொட்டால் போதும் என்கிற கபாசிடிவ் திரை, சிம் உண்டு, கூகுள் மார்க்கெட்டும் உண்டு. எல்லா வகையிலும் ஆர்கோஸை விட ஒரு படி மேல், வாசலைத் தாண்டினாலும் இணையம் வரும். இரண்டையும் எம்.ஜி. ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறந்தோம். ஸ்ட்ரீக்கில் கட்டங்கள் இன்னும் வேகமாக வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் ஓபரா மினிதான், அதே ஒற்றை வரிதான்.

இன்னொரு நண்பர், ஸ்ரீராமபுரத்தில் இருப்பவர், அடுத்த தலைமுறை ஆர்கோஸ் 32-ஐ வைத்திருந்தார். 3.2 அங்குலம், 400×240. சட்டைப் பையில் காணாமலே போய்விடும், பாட்டுக்கு அருமை. அதற்கும் ஒரு பக்க மாதிரி செய்து பார்த்தோம், சரிவரவில்லை. அந்தத் திரையில் அங்குலத்துக்கு 146 புள்ளிதான், எழுத்தைச் சின்னதாக்கினால் ண, ன, ஞ எல்லாம் கறையாகிவிடும், பெரிதாக்கினால் ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிக்கு மேல் நிற்காது. ஆங்கிலத்தில் அதே கருவியில் தாராளமாகப் படிக்கலாம். தமிழ் எழுத்துக்கு அகலமும் சுழியும் அதிகம் என்பதால் பாக்கெட் அளவுக்குக் கீழே ஒரு எல்லை இருக்கிறது. என் கணிப்பில் அன்றைய திரைகளில் அது நாலரை அங்குலம், 800 புள்ளி அகலம். அதற்குக் குறைந்த எதையும் தமிழ் படிக்கவென்று யாருக்கும் நான் பரிந்துரைத்ததில்லை.

2011 அக்டோபரில் டெல்லியில் ஆகாஷ் என்ற மலிவு விலை டேப்ளட் வெளியானபோது சித்தப்பா பேப்பரில் வந்த விவரங்களை வெட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். 7 அங்குலம், ரெசிஸ்டிவ் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ராம், ஆண்ட்ராய்டு 2.2. "இதுல தமிழ் வருமாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. மாணவர்களுக்கென்று அறிவித்த கருவிக்கு எல்லோரும் விலையையும் வேகத்தையும் விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஓய்வுபெற்ற தொழிலாளி கேட்ட இந்தக் கேள்விதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

ஆர்கோஸ் 5-க்கு அதிகாரபூர்வமாக ஆண்ட்ராய்டு 1.6-க்கு மேல் வரவே இல்லை. தமிழ் எழுத்துருவும் கோத்து வரையும் நிரலும் ஆண்ட்ராய்டுக்குள் வந்தது 4.0-இல். அதற்குள் 5 அங்குலம் என்பது போனின் அளவாகிவிட்டது, சிம் இல்லாத பாக்கெட் டேப்ளட்டை யாரும் தேடவில்லை. சித்தப்பாவும் 2013-இல் ஆண்ட்ராய்டு 4 ஓடும் 5 அங்குல போனுக்கு மாறினார். பிரவுசரில் தமிழ் தானாகவே வந்தது, ஓபராவின் அந்த அமைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆர்கோஸின் பேட்டரி அதற்குள் தளர்ந்துவிட்டது, சார்ஜரில் சொருகியபடியே சமையலறையில் எஃப்எம் கேட்கச் சித்தி எடுத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் சேர்த்த பிடிஎஃப்களை மட்டும் மெமரி கார்டோடு புதிய போனுக்கு மாற்றினோம். அதன் திரை 16:9, கொஞ்சம் நீளம், அதனால் 10.5×6.3 பக்கங்கள் இரண்டு ஓரத்திலும் சின்னக் கறுப்புப் பட்டையோடு பொருந்தின. புதிதாகச் செய்பவற்றுக்கு அகலத்தை 11 செ.மீ. ஆக்கிக்கொண்டார். ரயிலில் அதற்குப் பிறகும் அவற்றைத்தான் படித்தார், பங்காரப்பேட்டைக்கு அப்புறம் சிக்னல் அப்போதும் ஒழுங்காக வரவில்லை.